கரிக்குழியின் அடியில் இருந்த தண்ணீர்

துளை போடும் வண்டியின் சத்தம் சட்டென்று மாறியது. அதுவரை ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது, தொண்டையில் எதையோ சிக்கவைத்துக்கொண்டதுபோல் இருமியது. வண்டிக்காரர் கையை உயர்த்தி எல்லோரையும் விலகச் சொன்னார். நான் இரண்டடி பின்னால் போனேன். போதவில்லை.

குழாய்க்குள்ளிருந்து முதலில் ஒரு பெரிய ஏப்பம். பிறகு சாம்பல் நிறச் சேறு. அதற்குப் பின்னால் தண்ணீர். பம்பு இல்லை, மோட்டார் இல்லை. தானாகவே ஆள் உயரத்துக்கு எழும்பி, கீழே உதிர்ந்து கிடந்த பைன் மர ஊசி இலைகள் மேல் சடசடவென்று விழுந்தது. என் புதுப் பூட்ஸ், பேன்ட், கையிலிருந்த நோட்டு எல்லாம் தொப்பலாகிவிட்டன. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. லேசான இரும்பு வாசனை.

என் மேனேஜர் கிரெக்கின் முகம் வெளுத்துவிட்டது. "முடிஞ்சுது. இந்த ஊருக்குச் சுரங்கம் கிடையாது. சாப்பாட்டு நேரத்துக்குள்ள கிளம்பிடலாம்," என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஈரச் சட்டையோடு ஒரு பெண் காட்டுக்குள் நின்று சிரிப்பதை அங்கிருந்த நான்கு ஆண்களும் கவலையோடு பார்த்தார்கள்.

ஏன் சிரித்தேன்

எம்.எஸ்ஸி. ஜியாலஜி முடித்த கையோடு நெய்வேலிப் பக்கம் மூன்று வருஷம் வேலை பார்த்தவள் நான். கல்யாணத்துக்கு முந்தைய கதை. தினமும் காலையில் ஒரு ஜீப்பில் ஏறி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போட்டிருந்த ஆழ்துளைக் கிணறுகளில் நாடாவை இறக்கி, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. பெண்பிள்ளையை இப்படி வெயிலில் அனுப்புகிறார்களே என்று விருத்தாசலத்தில் அம்மா புலம்பாத நாள் இல்லை. எனக்கோ அந்த வேலை பிடித்திருந்தது. மதியம் ஜீப் டிரைவர் தோப்பில் நிறுத்தினால் முந்திரிப்பழம் கடித்துச் சாறு வழிய வழியத் தின்போம். தொண்டை கரகரக்கும்.

அங்கே லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மெல்லிய களிமண். அதற்கும் அடியில் மணல். அந்த மணலுக்குள் மூச்சு முட்ட அடைபட்ட தண்ணீர். கொதிக்கும் பால் பாத்திரத்து மூடியின் மேல் கனமான டம்ளரை வைத்திருக்கும்வரை மூடி எழும்பாது. டம்ளரை எடுத்தால் என்ன ஆகும்? மேலே உள்ள மண்ணைத் தோண்டி எடுப்பது டம்ளரை எடுப்பது மாதிரிதான். முதலில் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்காமல் கரியில் கை வைக்கக் கூடாது. அங்கே சுற்றிலும் பம்புகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். கரியை வெட்டிக்கொண்டும் இருப்பார்கள்.

கிரெக்குக்கு அந்தத் தண்ணீர் ஒரு முற்றுப்புள்ளி. எனக்கு அது உறவுக்காரரை பஸ் ஸ்டாண்டில் எதிர்பாராமல் பார்த்த மாதிரி.

எல்லோரும் கம்ப்யூட்டரில், நான் குழியில்

தொண்ணூறுகளின் பின்பாதி அது. அமெரிக்காவில், டாலஸ் பக்கம் காப்பெல்லில் குடியிருந்தோம். என் கணவர் சேவியர் சாஃப்ட்வேர். மகள் நிஷா அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தமிழில் திட்டினால் மட்டும் தமிழிலேயே அழுவாள்.

வேலை அனுமதி இல்லாமல் அபார்ட்மென்டில் கிடந்த நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு எட்டே பேர் இருந்த ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் இடம் கிடைத்தது. பெட்ரோல் பங்குகளுக்கு அடியில் மண் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒரு நாள் கிரெக் என் பழைய விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "லிக்னைட்டா? நீங்க நிஜமாவே லிக்னைட்ல வேலை பாத்திருக்கீங்களா?"

இப்படித்தான் நான் கிழக்கு டெக்சாஸுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் விஷயம் பரவியது. தெரசா ஆன்ட்டி லெமன் ரைஸ் பரிமாறிக்கொண்டே விசாரித்தார்.

"ஏன் ஸ்டெல்லா, ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிடுமாம், ஒய்டூகேன்னு ஊரே ஜாப் வாங்குது. மூணு மாசம் கோர்ஸ் பண்ணா போதும். நீ என்னடான்னா கரிக்குழியில இறங்கறேங்கற. ஹெல்மெட் எல்லாம் போடணுமாமே?"

"போடணும் ஆன்ட்டி."

"முடி கொட்டிடும்டி!"

சேவியர் பக்கத்திலிருந்து, "அவ கம்ப்யூட்டர் படிச்சா கம்ப்யூட்டருக்குத்தான் ஆன்ட்டி முடி கொட்டும்," என்றார். அந்த வீட்டில் எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அதுவும் இந்த அழகில்.

ஏடாவின் கடை

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. காப்பெல்லிலிருந்து இரண்டரை மணி நேரம் டிரைவ் பண்ண வேண்டும். ஃப்ரீவே முடிந்து, பைன் மரங்களும் மாட்டுப் பண்ணைகளுமாக மாறி, கடைசியில் ஒரே ஒரு சிக்னல் விளக்கு வரும். அதுதான் ஊர்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்துக்கு முன்வரை அங்கே ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஓடியிருக்கிறது. அது மூடியதும் தியேட்டர் மூடியது, துணிக்கடை மூடியது, பள்ளியில் வகுப்புகள் பாதியாகின. படித்த பிள்ளைகள் டாலஸுக்கோ ஹூஸ்டனுக்கோ போய்விட்டார்கள். இப்போது வெளியூர் கம்பெனி ஒன்று அந்த நிலத்தை வாங்கி, சுரங்கத்தைத் திறந்து நூறு பேருக்கு மேல் வேலை தருவோம் என்றது. அதற்குமுன் நிலத்தடி நீரைப் பற்றி ஓர் அறிக்கை வேண்டும். அந்த அறிக்கை எழுதும் வேலைதான் எங்களுக்கு வந்தது.

அங்கே மூடாமல் இருந்த ஒரே உணவுக்கடை ஏடாவுடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். காபியை ஊற்றும்போதே கதையையும் ஊற்றுவார். நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று தெரிந்ததும், எனக்கென்று காராமணியில் மிளகாயை அள்ளிப்போட்டுச் சமைக்க ஆரம்பித்துவிட்டார். சோளரொட்டியோடு தின்றால், நம்மூர்க் காராமணிக் குழம்பின் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும்.

அவருடைய மகன் ஹூஸ்டனில் ஏதோ கிடங்கில் வேலை பார்த்தான். "சுரங்கம் தொறந்தா என் பையன் திரும்பி வந்துடுவான்," என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். "சீக்கிரம் அந்த அளவெல்லாம் எடுத்து முடி, கண்ணு."

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பேசியது கிழக்கு டெக்சாஸ் ஆங்கிலம். சொற்களை மென்று மெதுவாக இழுத்துப் பேசுவார்கள். அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், எனக்கு நெய்வேலி ஷிஃப்ட் தொழிலாளர்களின் பேச்சாகவே வருகிறது. திருத்தப் பார்த்தேன், முடியவில்லை. விட்டுவிட்டேன்.

ராய் சொன்னது

தண்ணீர் பீறிட்ட அந்தக் காலைக்குத் திரும்புகிறேன். வண்டிக்காரர் துளையை அடைக்கப் போராடிக்கொண்டிருந்தார். கிரெக் காருக்குப் போய்விட்டார். வேலியோரம் ஓர் ஆள் மட்டும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, சாவு ஊர்வலம் போவதைப் பார்ப்பவர்போல் நின்றார். ராய். எங்களுக்குக் கேட்டைத் திறந்துவிடும் காவல்காரர். பழைய சுரங்கத்தில் டிராக்லைன் ஓட்டியவர். டிராக்லைன் என்றால், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நீளமான கை முளைத்து, அதில் கம்பி கட்டி, கார் நிறுத்துமளவு வாளியைத் தொங்கவிட்டது மாதிரி. அதை வைத்துத்தான் மேல்மண்ணை வாரி எடுப்பார்கள்.

நான் அவரிடம் போனேன். "மிஸ்டர் ராய், இதை நீங்க முன்னாடியே பாத்திருக்கீங்களா?"

அவர் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"சுரங்கம் ஏன் மூடுனாங்கன்னு ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாங்க தெரியுமா?" என்றார். "கரி வெலை எறங்கிடுச்சு, மொதலாளிக்கு ஆசை விட்டுப்போச்சுன்னு. அதில்ல. கடைசி வாரம் ஒரு நாள் காலைல நான் மேல கேபின்ல இருக்கேன். கீழ குழியோட தரை எழும்புது. மாடு படுத்து மூச்சு வாங்குமே, வயிறு ஏறி எறங்கும், அப்பிடி. அப்பறம் ஒரு எடத்துல மணலும் தண்ணியும் கொதிக்கிறாப்ல வந்துச்சு. கீழ மறு கோடில ஏழு பேரு ஒண்ணும் தெரியாம வேலை பாத்துட்டு இருந்தாங்க. நான் ஹாரனை அடிச்சு எல்லாரையும் மேல ஏத்திட்டேன். மறுநாள் பாத்தா குழி குளமாயிருக்கு."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். குழில நின்னது மழைத்தண்ணியாம், நான் கேபின்ல தூங்கி கனவு கண்டேன்னுட்டாங்க. அந்த கம்பெனிக்காரங்க நெலத்தை விக்கணும்ல. அப்பறம் நானும் சொல்றதில்ல. பொண்டாட்டிகிட்டகூட."

அவர் சொல்லிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. நான் நெய்வேலியில் பாடமாகப் படித்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். "நீங்க கனவு காணல. தரை எழும்பத்தான் செய்யும். அடியில இருக்கற தண்ணிதான் காரணம்," என்றேன். நோட்டில் ஈரம் படாத ஒரு பக்கத்தைத் தேடிப் பால் பாத்திரம், மூடி, டம்ளர் எல்லாம் வரைந்து காட்டினேன்.

ராய் அந்தப் படத்தில் டம்ளரை மட்டும் விரலால் மறைத்துப் பார்த்தார். பிறகு, "இந்தத் தாளை நான் வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

பதினொரு கிணறுகள்

கிரெக்கை இழுத்துப் பிடித்து உட்காரவைக்க ஒரு வாரம் ஆனது. சுற்றிலும் பம்புகள் போட்டு, முதலில் அழுத்தத்தை இறக்கி, பிறகு தோண்டினால் சுரங்கம் ஓடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் கம்பெனிக்கும்தான்.

ஆனால் கணக்கு அங்கே நிற்கவில்லை. அந்த மணல் சுரங்கத்தோடு முடிவதில்லை, தெற்கே வெகுதூரம் போகிறது. அங்கே இருக்கும் பண்ணை வீடுகளின் கிணறுகளும் அதே தண்ணீரைத்தான் குடிக்கின்றன. நாம் இங்கே இறைத்தால் அங்கே மட்டம் இறங்கும். வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தேன். பதினொரு கிணறுகள் வற்றும். ஏழாவது, ஏடாவின் வீட்டுக் கிணறு.

அறிக்கையில் 'பதினொரு கிணறுகள் வற்றும்' என்று எழுதினேன். திரும்பி வந்தபோது அது 'சில கிணறுகளில் சிறிய மாற்றம் ஏற்படக்கூடும்' என்று ஆகியிருந்தது.

"கம்பெனிக்காரங்க கேட்டாங்க," என்றார் கிரெக். "மொத்தத்துல பொய் இல்லையே. இப்ப அதைச் சொன்னா ஊரே பயந்து எதிர்க்கும். உங்களுக்கு அந்த ஊர்க்காரங்க மேல அக்கறை இருந்தா, சுரங்கம் தொறக்கட்டும்."

என் விசா அந்த எட்டுப் பேர் ஆபீசை நம்பித்தான் இருந்தது. வேலை போனால் மறுபடி அபார்ட்மென்ட் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அன்று வீட்டில் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். சேவியர் அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவும்போது, "யாராவது உன்கிட்ட நேரா கேட்டா என்ன சொல்லுவ?" என்றார்.

"உண்மையத்தான்."

"அப்ப என்ன யோசனை?"

பள்ளிக்கூட ஜிம்மில்

பொதுக்கூட்டம் ஊர் உயர்நிலைப்பள்ளியின் கூடைப்பந்து ஜிம்மில் நடந்தது. மடக்கு நாற்காலிகள் போதாமல் ஜனங்கள் படிக்கட்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் வாசனை, காபி வாசனை, யாரோ கொண்டுவந்த பீச் பழப் பலகாரத்தின் வாசனை. 'வேலை வேண்டும்' என்று எழுதிய பனியன்களை நிறையப் பேர் போட்டிருந்தார்கள். ஏடாவும்தான்.

கம்பெனிப் பிரதிநிதி அழகாகப் பேசினார். கைதட்டல் அடங்கியதும் ஏடா எழுந்தார்.

"எனக்கு இந்தச் சுரங்கம் வேணும். பனியனைப் பாத்தாலே தெரியும். ஒரே ஒரு கேள்வி. தோண்டறப்ப எங்க வீட்டுக் கிணறு என்ன ஆகும்?"

"குறிப்பிடும்படியான பாதிப்பு எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை, மேடம்."

ஏடா உட்காரவில்லை. அவர் பார்வை மேடையில் வரிசையாக வந்து, ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்மேல் நின்றது. "ஸ்டெல்லா, அளவெடுத்தது நீதானே? நீ சொல்லு."

கேட்டால் மட்டும் பேசு என்று கிரெக் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டார்களே. எழுந்தேன். மைக் என் உயரத்துக்கு இல்லை.

"வற்றும்," என்றேன். "உங்க கிணறும், இன்னும் பத்துப் பேர் கிணறும்."

ஜிம்மே இரைந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "எங்கிருந்தோ வந்த பொம்பளை எங்க வேலையில மண்ணைப் போடறதா?"

மைக்கை என் பக்கம் வளைத்துக்கொண்டேன். "நான் வேலையைக் கெடுக்க வரல. சுரங்கம் நிச்சயமா ஓடும். ஆனா வரிசை இருக்கு. முதல்ல அந்தப் பதினொரு வீட்டுக்கும் அடுத்த மணலடுக்கு வரைக்கும் ஆழமா கிணறு போடணும். அப்பறம் பம்பு ஓட்டணும். தண்ணி இறங்கின பிறகுதான் தோண்டணும். ஒரு வருஷம் தாமதமாகும். அவசரப்பட்டா குழியோட தரை எழும்பிடும்."

"தரை எழும்புமா? யாரு பாத்தா?" என்று அதே குரல்.

"நான் பாத்தேன்."

ராய். மூன்றாவது படிக்கட்டில் நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்துக்கொண்டே கீழே இறங்கி வந்தார். ஊரார் முன்னால், பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார். மாட்டின் வயிறு, கொதித்த மணல், ஹாரன். சொல்லி முடித்ததும், அன்று குழிக்குள் இருந்த ஏழு பேரில் ஒருவர் கூட்டத்திலிருந்து எழுந்தார். "ராய் ஹாரன் அடிச்சது நெஜம். ஏன் அடிச்சான்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது," என்றார்.

அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. ஏடா மட்டும் கம்பெனிக்காரரைப் பார்த்து, "கிணத்தை எப்ப போடறீங்க?" என்று கேட்டார்.

பிறகு

திரும்பும் வழியில் கிரெக் இரண்டரை மணி நேரமும் ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றிக்கொண்டே ஓட்டினார். காப்பெல் வந்து என்னை இறக்கிவிடும்போது, "நாளைக்கு வேலைக்கு வாங்க. வேற வேலை தேடச் சொல்லலாமான்னு காலைல யோசிக்கறேன்," என்றார். காலையில் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் போனேன், என் மேசையில் உட்கார்ந்தேன்.

கம்பெனி கோபத்தில் வேறொரு நிறுவனத்தை அழைத்து மறுபடி அளக்கச் சொன்னது. அவர்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டு கிணறுகள்! ஒன்றை நான் விட்டிருந்தேன். அந்தத் தவறை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் ஆழக் கிணறு போட்டார்கள். பம்புகள் வந்தன. பம்பு ஓட்டவும் நீர்மட்டம் பார்க்கவும் யாரும் எதிர்பாராத புது வேலைகள் முளைத்தன. நாடாவை இறக்கி அளக்கும் வேலைக்கு மட்டும் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். மறுவருஷம் கடைத்தெருவில் துணிக்கடை திறந்தது. தியேட்டர் திறக்கவில்லை.

ஏடாவின் மகன் திரும்பி வரவில்லை. ஹூஸ்டனில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டான். "வேற யாரோட பையனோ வந்திருக்கான்ல," என்று சொல்லி, அதிகாலை ஷிஃப்டுக்காகக் கடையை ஐந்து மணிக்கே திறக்க ஆரம்பித்தார்.

என் மகள் இப்போது கேட்கிறாள்: "கோல் மைனா அம்மா? சீரியஸ்லி?" அவள் கேட்பது நியாயம்தான். பூமி சூடாவதைப் பற்றி இன்று தெரிந்த அளவு அன்று நான் யோசித்ததில்லை. ஆனாலும் அந்த ஊரில் விளக்கெரிந்த கடைகளை நினைத்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. இரண்டையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

முதல் வாளி

முதல் கரி எடுத்த நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வசந்தகாலத்துக் காலை. குழியின் விளிம்பில் ஊரே நின்றது. ராய்தான் டிராக்லைனில் ஏறுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கம்பெனியும் அந்த வேலையைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தது. அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம்.

"ஏன் ராய்? உங்க மிஷினாச்சே?" என்றேன்.

"மேல உக்காந்து வாளியை ஆட்ட நெறைய பேரு இருக்காங்க," என்றார். "கீழ தரையைப் பாக்கத்தான் ஆளில்ல. தெனம் காலைல யாரும் எறங்கறதுக்கு முன்னாடி நான் நடந்து பாத்துடறேன்னு கேட்டேன். குடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினார். மேலிருந்து பார்க்க, கறுத்த தரையில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று மட்டும் நகர்ந்தது. நாலடிக்கு ஒருமுறை நின்று, பூட்ஸ் குதிகாலால் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் குனிந்து உள்ளங்கையை வைத்தார். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து முடித்த பிறகுதான் ராய் மேலே நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தினார்.

இயந்திரம் கிளம்பியது.